பச்சை உடம்புக்காரிக்கு அறிவுரை சொல்லும் முன்

சில ஆண்டுகளுக்கு முன், அண்ணல் பிறந்த நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நடந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து கடலூருக்குள் வரும் வழியை ஒட்டிய ஒரு காலனியில் விழா ஏற்பாட்டுக்காகக் கூடியிருந்தோம். பெரியார் கலைக் கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர், நாங்கள் நான்கு பேர். கொடி எத்தனை, மைக் செட் யார், பேச்சாளருக்கு வண்டி எப்படி என்று இரவு ஒன்பதரை வரை பேச்சு நடந்தது. மூன்று வீடு தள்ளி, பிறந்து பன்னிரண்டு நாளான ஒரு பெண் குழந்தை அன்று காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. அது எங்கள் யாருக்கும் தெரியாது. கூட்டம் முடிந்து கிளம்பும்போது குழந்தையின் ஆயா வாசலில் நின்றிருந்தார். விசாரித்தோம். "புள்ளைக்குத் தொக்கம் விழுந்திருக்கு தம்பி. காலையில எடுத்தோம். நாளைக்கு இன்னொரு தடவை எடுத்தா சரியாயிடும்" என்றார்.

எங்களோடு வந்திருந்த தோழர் ஒருவர் செவிலியர் படிப்பு படித்தவர். உள்ளே போய்க் குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். கை கால் சில்லென்று இருக்கிறது, அழக்கூடத் தெம்பில்லை, உடனே 108ஐக் கூப்பிடுங்கள் என்றார். அந்தக் குழந்தை பிறந்தபோது 2 கிலோ 100 கிராம்தான். இரத்தத்தில் கிருமி பரவியிருந்தது. பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்து வந்தது. இன்று அங்கன்வாடிக்குப் போகிறது.

பிழைத்துவிட்டதால் இதை எழுத முடிகிறது. ஆனால் அன்றிரவு எங்களை உறுத்திய கேள்வி இன்னும் போகவில்லை. தீண்டாமை ஒழிப்புச் சட்டத்தின் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்கிற பத்து இளைஞர்கள் அங்கே இருந்தோம். பால் குடிக்க மறுக்கும் பச்சைக் குழந்தையை உடனே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அவரும் பெண் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இது பெண்கள் சமாச்சாரமா?

பிள்ளை வளர்ப்பு என்றாலே இயக்கத்தில் ஒரு சிரிப்பு இருக்கிறது. அதைப் பாட்டிகள் பார்த்துக்கொள்வார்கள், நாம் அரசியல் பேசுவோம் என்ற நினைப்பு. நாம் யாருடைய படத்தை மாட்டிக் கூட்டம் போடுகிறோமோ அவருடைய வாழ்க்கையைப் பார்த்தாலே போதும். பாபாசாகேப் அம்பேத்கரும் ரமாபாயும் பெற்ற ஐந்து பிள்ளைகளில் யஷ்வந்த் ஒருவர்தான் வளர்ந்து ஆளானார். மூன்று மகன்களையும் ஒரு மகளையும் சிறு வயதிலேயே புதைத்தார்கள். கடைசி மகன் ராஜரத்னா இறந்தது 1926இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1928இல், பம்பாய் சட்ட மேலவையில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசியவர்களில் அம்பேத்கர் ஒருவர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது, அதன் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் அதைச் சட்டமன்றத்துக்கு எடுத்துப் போனார். நாம் அதைக் கூட்டத்துக்குக்கூட எடுத்து வருவதில்லை.

நம் தாத்தா பாட்டிகளின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். குப்பு, குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள். முன்னால் பிறந்த பிள்ளைகள் தக்காமல் போனதால், அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து, அல்லது பிச்சை கேட்டு வாங்கியதாகப் பாவித்து வைத்த பெயர்கள் இவற்றில் பல. எல்லாச் சாதியிலும் இந்தப் பெயர்கள் உண்டு. ஆனால் எந்தத் தெருவில் அதிகம் பிள்ளைகள் செத்தன என்பது நமக்குத் தெரியும்.

இன்றும் அந்த வித்தியாசம் மறையவில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 35 பேர் ஒரு வயதுக்குள் இறக்கிறார்கள். பட்டியல் சாதிகளில் இது 40ஐத் தாண்டுகிறது. பட்டியலிலும் பிற்படுத்தப்பட்டோரிலும் வராத 'பிற' பிரிவினரில் 30க்கும் கீழே. தமிழ்நாடு இதில் எவ்வளவோ முன்னேறிய மாநிலம். 99 விழுக்காட்டுக்கும் மேல் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஆனால் அதே ஆய்வில், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 60 விழுக்காட்டை ஒட்டித்தான். மருத்துவமனை வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். அதற்கு அப்புறம் நடப்பதில் இன்னும் வேலை இருக்கிறது.

முதல் பால் யாருக்கு?

குழந்தை வளர்ப்பு பற்றிய புத்தகங்களும் வீடியோக்களும் ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொண்டு பேசுகின்றன. அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கும், குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வரும், தாய் ஆறு மாதம் வேலைக்குப் போக வேண்டியதில்லை, தகப்பன் மாலை வீட்டுக்கு வருவான். நம் தெருவில் ஒரே அறை, பொதுக்குழாய், மூன்றாவது மாதமே வேலைக்குப் போகும் தாய். அதற்காக அறிவுரையே வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். நம் வீட்டுக்குப் பொருந்துகிற மாதிரி அதை மாற்றிச் சொல்லத் தெரிய வேண்டும்.

முதலில் பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தாயின் மார்பில் போட வேண்டும். சிசேரியன் ஆனாலும் தாய் விழித்திருந்தால், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு பால் கொடுக்கலாம். முதல் இரண்டு மூன்று நாள் வருகிற மஞ்சள் நிறச் சீம்பால் கொஞ்சமாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் குழந்தையின் வயிற்றுக்கு அவ்வளவே போதும். நோயைத் தடுக்கும் சத்து அதில்தான் அதிகம். அதைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ சேனை வைப்பது இன்னும் நடக்கிறது. தேனை ஒரு வயது வரை நாக்கில் தடவவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிசுவின் குடலில் நஞ்சாக மாறும். கடலூர், விருத்தாசலம் தெருக்களில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து, சங்களவு பாலை விற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். காய்ச்சாத அந்தப் பாலில் மஞ்சள் காமாலையும் போகாது, குரலும் இனிக்காது. வயிற்றுப்போக்கு வர வாய்ப்புண்டு. ஒரு நாள் கூலியில் பாதி அதற்குப் போகிறது. அந்தப் பணத்துக்குத் தாய்க்கு முட்டையும் மீனும் வாங்கிக் கொடுங்கள்.

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம். அக்னி நட்சத்திரத்திலும் இதுதான். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கொடுக்க வேண்டும், இரவிலும் சேர்த்து. "எனக்குப் பால் பத்தலை" என்று தாய் சொன்னால், முதல் வாரம் கடந்த குழந்தை ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பால் போதும். முதல் சில நாட்களில் குழந்தையின் எடை கொஞ்சம் குறைவதும், இரண்டு வாரத்துக்குள் மீண்டும் பிறந்த எடைக்கு வருவதும் இயல்பு. இது தெரியாமல் பயந்து, மாமியாரும் பக்கத்து வீட்டாரும் சொல்வதைக் கேட்டு டப்பா பாலுக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

டப்பா பால் பற்றித் தேவனாம்பட்டினத்துக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறியபோது கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் தேவனாம்பட்டினமும் ஒன்று. அதன் பின் நாடெங்குமிருந்து லாரி லாரியாக நிவாரணம் வந்தது. சுனாமி பாதித்த கரையெங்கும் அதில் பால் மாவு டப்பாக்களும் இருந்தன. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் நல்ல தண்ணீர் இல்லை, காய்ச்ச அடுப்பு இல்லை, புட்டியைக் கழுவ வழியில்லை. பக்கத்திலேயே, புதுச்சேரியின் சுனாமி பாதித்த கிராமங்களில் மருத்துவர்கள் ஆய்வு செய்தார்கள். இலவசப் பால் மாவு கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு மற்றக் குழந்தைகளைவிட மூன்று மடங்கு வயிற்றுப்போக்கு வந்திருந்தது. 2006இல் அந்த ஆய்வு வெளியானது. இத்தனைக்கும் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் பால் மாவை விளம்பரப்படுத்துவதையும் இலவச மாதிரி கொடுப்பதையும் தடை செய்கின்றன. அநாதை இல்லங்களைத் தவிர வேறெங்கும் நன்கொடையாகக் கொடுக்கவும் அனுமதி இல்லை.

அந்த நிவாரணத்தில் தலித் குடியிருப்புகள் எப்படி விடுபட்டன, முகாம்களில் எப்படிப் பிரித்து வைக்கப்பட்டன என்பதை நாம் பேசியிருக்கிறோம், இன்னும் பேச வேண்டும். அதோடு இதையும் சேர்த்துக்கொள்வோம். புயலும் வெள்ளமும் வராத ஆண்டு கடலூருக்கு இல்லை. அடுத்த முறை நிவாரணப் பட்டியல் எழுதும் தோழர், பால் மாவு டப்பாவை அடித்துவிட்டு, தாய்க்குச் சோறும் பருப்பும், பால் கொடுக்க மறைவான ஓர் இடமும் என்று எழுதட்டும். தாய் இறந்துபோன, தாயால் கொடுக்கவே முடியாத குழந்தைக்கு மருத்துவர் சொன்னபடி வேறு பால் கொடுக்கத்தான் வேண்டும். அது வேறு.

வேலைக்குப் போகும் தாய்

"ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்" என்று சுவரில் எழுதுவது சுலபம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகிறவள், நகராட்சியில் ஒப்பந்தத்தில் குப்பை அள்ளுகிறவள் என்ன செய்வாள்?

முதலில் சட்டம். மகப்பேறு உதவிச் சட்டம் 1961இல் வந்தது. 2017 திருத்தத்தில் ஊதியத்தோடு 26 வாரம் விடுப்பு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் என்று விரிந்தது. தினக்கூலிக்கு அது கிடையாது என்று அதிகாரி சொன்னால் நம்பாதீர்கள். தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் தொடுத்த வழக்கில், அவர்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். துப்புரவுப் பணியில் இருக்கும் நம் அக்கா தங்கைகளின் வருகைப் பதிவேட்டை நகல் எடுத்து வைப்பது ஒரு மாணவர் செய்யக்கூடிய வேலை.

வயல் கூலிக்கு இந்தச் சட்டம் எட்டாது. அங்கே இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். 1987இல் 300 ரூபாயில் தொடங்கி, 2018இல் 18,000 ஆனது. 14,000 ரூபாய் தவணைகளில் பணமாகவும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வருகிறது. இரண்டு பிரசவத்துக்குத்தான், 19 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது விதி. பதினேழு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டுக் கருவுற்றவளுக்கு உதவி மறுப்பதால் குழந்தைத் திருமணம் நிற்கவில்லை. தண்டனை அந்தப் பெண்ணுக்கும் அவள் வயிற்றுப் பிள்ளைக்கும்தான் போகிறது. இந்த விதியை எதிர்த்து நாம் பேசியே ஆக வேண்டும். தகுதி உள்ளவர்களுக்கும் தவணைகள் தாமதமாகின்றன. வங்கிக் கணக்கு, ஆதார், கர்ப்பப் பதிவின்போது தரும் பிக்மி எண் மூன்றும் நான்காம் மாதத்துக்குள் ஒழுங்காக இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

அடுத்து அன்றாட வழி. வேலைக்குப் போகும் முன் தாய் பாலைக் கையால் பீய்ச்சி, கொதிநீரில் கழுவிய எவர்சில்வர் டம்ளரில் மூடி, நிழலான இடத்தில் வைத்தால் நான்கு மணி நேரம் வரை குழந்தைக்குக் கொடுக்கலாம். புட்டி வேண்டாம். நம் வீடுகளில் இருக்கும் பாலாடையே போதும். இன்று நாட்டின் பல பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் எடை குறைந்த குழந்தைக்குப் பாலாடையால்தான் பால் புகட்டுகிறார்கள். கழுவுவது சுலபம், மூலை முடுக்கு இல்லை. நம் பாட்டி கையில் இருந்த ஒரு பொருள் மருத்துவமனைக்குப் போய் மரியாதை பெற்றிருக்கிறது. 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியோடு அமர்த்த வேண்டும் என்று எழுதப்பட்டது. நாங்கள் பார்த்த வேலையிடங்களில் பிள்ளைகள் வேப்பமர நிழலில் தனியாகக் கிடந்தார்கள். எழுதியதைக் கேட்டு வாங்க ஆள் இல்லை.

ஆயாவைக் கேலி செய்யாமல்

தொக்கம் எடுத்த ஆயாவை அன்றிரவு ஒரு தம்பி மூடநம்பிக்கை என்று கத்தினான். நாங்கள் அவனைத் தடுத்தோம். அந்த அம்மாவுக்கு எட்டுப் பிள்ளைகள் பிறந்து ஐந்து தங்கின. ஆஸ்பத்திரி இல்லாத காலத்தில், ஊர்த்தெரு வைத்தியர் சேரிக்குள் வராத காலத்தில், கையில் இருந்ததை வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர். நம் தவறு, அவருக்குப் பின் வந்த நாம் புதியதைக் கற்றுக் கொண்டுபோய்க் கொடுக்காதது.

அதனால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று மரியாதையோடு பிரித்துச் சொல்வோம். இளஞ்சூட்டில் எண்ணெய் தேய்ப்பது நல்லது, தாலாட்டு நல்லது, பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் வேலை வாங்காமல் வைத்திருப்பது மிக நல்லது. தூளி கட்டலாம், தாழ்வாக, ஒருவர் கண் பார்வையில். தரையில் படுக்க வைக்கும்போது மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். குடித்திருப்பவர் குழந்தையின் பக்கத்தில் படுக்கவே கூடாது.

விட வேண்டியவை: தொக்கம் எடுக்கிறேன் என்று வாயில் ஊதுவது, குடலேற்றம் என்று தலைகீழாகத் தட்டுவது, மாந்தத்துக்குச் சூடு வைப்பது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, கண்ணுக்குள் மை தீட்டுவது, அடைத்த அறையில் சாம்பிராணிப் புகை போடுவது, வசம்பும் உரைமருந்தும் நாக்கில் தடவுவது. பிள்ளை வளர்ப்பான் என்று வசம்புக்குப் பெயர் இருக்கிறது. ஆனால் ஆறு மாதத்துக்குள் அது உள்ளே போக வேண்டிய தேவை இல்லை. தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். காய்ந்திருக்க விட்டால் தானே விழும். பிறந்ததும் குளிப்பாட்ட வேண்டாம், ஒரு நாளாவது போகட்டும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தையை, துணி இல்லாமல் தாயின் நெஞ்சோடு நெஞ்சாக வைத்து மேலே போர்த்த வேண்டும். தாய் அயர்ந்தால் தகப்பன் நெஞ்சிலும் வைக்கலாம். சூடு ஒன்றுதான்.

பின்வரும் எதையாவது கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பால் குடிக்க மறுப்பது, தொட்டால் காய்வது அல்லது சில்லிட்டிருப்பது, வலிப்பு, அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, மூச்சு விடும்போது நெஞ்சுக்குழி உள்ளே இழுப்பது, உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள், தொப்புளில் சீழ், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது. உடனே 108. சந்தேகம் கேட்க 104. ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் பிரசவமும், ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு மருத்துவமும் மருந்தும் வண்டியும் இலவசம். பிள்ளை பிறந்ததைச் சொல்லக் காசு கேட்கிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். கேட்டவர் பெயரையும் நேரத்தையும் எழுதிவைத்துப் புகார் கொடுங்கள். அந்த வார்டில் நம் தோழர் ஒருவர் நின்றாலே பலமுறை கேட்கும் வாய் மூடிக்கொள்ளும்.

நம் தெருவுக்கு யார் வருகிறார்கள்?

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்று தேசியத் திட்டம் சொல்கிறது. நாங்கள் கதை சொன்ன அந்தக் குழந்தையை ஏழாம் நாள் யாரும் வந்து பார்க்கவில்லை. வந்திருந்தால் எடை குறைந்ததைக் கண்டுபிடித்திருப்பார்கள். சில இடங்களில் வருகிறவர் ஊர்த்தெருவோடு நின்றுவிடுகிறார், காலனிக்காரர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போக வேண்டியிருக்கிறது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. அவர்கள் சந்தித்த பாகுபாட்டில் முதன்மையானது, மருந்து கொடுக்கும்போதும் பரிசோதிக்கும்போதும் தொடாமல் விலகுவது. தமிழ்நாட்டில் இது இல்லை என்று யாராவது சொன்னால், உங்கள் தெருவில் ஐந்து தாய்மார்களிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். அதே நேரத்தில், சொந்தக் காசில் பேருந்து ஏறி வந்து, நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகும் கிராம சுகாதாரச் செவிலியர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒருவர் நாலாயிரம், ஐயாயிரம் பேரைப் பார்க்க வேண்டும் என்றால் அவர் என்ன செய்வார்? பாகுபாட்டையும் ஆள் பற்றாக்குறையையும் ஒன்றாகக் குழப்பாமல், இரண்டையும் கேட்போம்.

தடுப்பூசி புதன்கிழமை. பிறந்தவுடன் போட வேண்டியவை, பிறகு 45, 75, 105 நாள் ஊசிகள், ஒன்பதாம் மாதம் தட்டம்மை ரூபெல்லா. ஊசி போட்ட இரவு காய்ச்சல் வரலாம், பயந்து அடுத்த ஊசியை விட வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் குழைத்த சாதம், பருப்பு, முட்டை, முள் நீக்கிய மீன், அங்கன்வாடியில் தரும் சத்துமாவு. தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம்.

பிறப்புப் பதிவை விட்டுவிடாதீர்கள். 21 நாளுக்குள் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்தால் வருவாய்த்துறை அதிகாரியின் ஆணை வரை அலைய வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து வாக்காளர் பட்டியல் வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம். கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர் குடியிருப்புகளில் நாங்கள் கண்டது, தாய்க்குச் சான்றிதழ் இல்லை, அதனால் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை, அதனால் பத்தாம் வகுப்போடு படிப்பு நிற்கிறது. அந்தச் சங்கிலி பிறந்த மாதத்திலேயே தொடங்குகிறது. பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். நல்ல பெயர் வைத்தால் பண்ணையார் முகம் சுளித்த காலத்தைத் தாண்டி வந்திருக்கிறோம். பீமராவ் என்றோ சாவித்திரி என்றோ ரமா என்றோ வையுங்கள், ஆனால் முதலில் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

கடைசியாக, தோழர்களே, தகப்பன்களைப் பற்றி. இயக்கத்துக்காக இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பும் தோழனின் பிள்ளையை யார் வளர்க்கிறார்கள்? பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் ஆணால் செய்ய முடியும். பீத்துணி அலசலாம், இரவில் தோளில் போட்டு ஏப்பம் விட வைக்கலாம், புதன்கிழமை ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம், பெற்றவள் சாப்பிட்டாளா என்று பார்க்கலாம். பிரசவமான சில வாரங்களில் அவள் காரணமில்லாமல் அழுதால், தூங்காமல் இருந்தால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், அது கொழுப்பும் இல்லை, பேயும் இல்லை. மருத்துவம் உள்ள ஒரு நோய். அவளைத் தனியாக விடாமல் அழைத்துப் போங்கள். அடுத்தவன் மலத்தை நம் மக்கள் கையில் அள்ள வைத்த சமூகத்தை எதிர்க்கிற நாம், சொந்தப் பிள்ளையின் மலத்தை மனைவி மட்டும்தான் அள்ள வேண்டும் என்று விட்டுவிட முடியாது.

எங்கள் குழு இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறது. காலனியில் யார் கருவுற்றிருக்கிறார்கள், எப்போது பிரசவம், யாருக்கு எடை குறைந்த குழந்தை, யார் வீட்டுக்குச் செவிலியர் வரவில்லை, யாருக்குத் தவணை வரவில்லை என்று சம்மதம் கேட்டு எழுதிக்கொள்கிறோம். எழுதுவதும் அலைவதும் இரண்டு கல்லூரி மாணவிகளும் ஒரு மாணவரும்தான். அண்ணல் பிறந்த நாள் கூட்டத்துக்கு முன் அந்த நோட்டைத்தான் முதலில் திறக்கிறோம், கொடிக்கணக்கு அதற்குப் பிறகு. உங்கள் தெருவிலும் நாற்பது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கித் தொடங்குங்கள்.

ஜெய்பீம்.